காற்றுக் கூண்டு

போன வாரம் பீரங்கி உதைத்த உதையில் தம்பி வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து விழுந்தது. அதை இதுவரை யாரும் திருப்பி அடிக்கவில்லை. அதனால் இன்று காலை ஆறு மணிக்கு அவள் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பீரங்கி என்பது அவளுடைய தொண்டைக்குத் தெரு வைத்த பேர். அவள் தும்மினால் அடுத்த தெருவில் தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார்கள். பதினெட்டு வருஷமாகப் பாலர் பள்ளியில் ஆயா வேலை. மூக்கைத் துடைப்பது, கால் கழுவிவிடுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தரையைப் பெருக்குவது எல்லாம் அவள் பாடு. பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு நாளும் கை நீட்டாதவள். பெரியவர்கள் விஷயம் வேறு. கோபம் வருவதற்கும் கை நீள்வதற்கும் நடுவில் அவளுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது.

தம்பி லாரிகளுக்கு டயர் மாட்டுகிறவன். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை வீடு. அவன் பெண்டாட்டிக்கு வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். ஆகவே நாலரை வயதுப் பட்டாணியை வளர்க்கிற பொறுப்பு முழுக்க அவன் தலையில். வளர்க்கிற லட்சணத்தைக் கேட்டுத்தான் தாழ்ப்பாள் பிய்ந்தது. எட்டு எழுதச் சொன்னானாம், குழந்தை அதைப் படுக்கவைத்துப் போட்டதாம். அதற்குக் கெண்டைக்காலில் நாலு கோடு.

இன்றைக்குப் பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள். பட்டாணிக்குத் தலைவாரி அழைத்துப் போகத்தான் பீரங்கி வந்திருந்தாள்.

பட்டறையில் விளக்கு எரிந்தது. பழைய லாரி டயர் ஒன்றைத் தரையில் படுக்கப் போட்டு, நடுக்குழியில் பட்டாணியை உட்கார வைத்திருந்தான் தம்பி. மடியில் சிலேட்டு. ஏறி வெளியே வர வேண்டுமானால் இரண்டு கையும் ஊன்ற வேண்டும். ஊன்றினால் சிலேட்டு விழும். விழுந்தால் அடி. உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு.

பக்கத்தில் அவன் குத்துக்காலிட்டிருந்தான். வலது கையில் டியூபிலிருந்து வெட்டிய ஒரு முழ ரப்பர் பட்டை, இடது கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகம். அவனுக்கே எழுத்து இந்த ஒரு வருஷப் பழக்கம்தான். குழந்தை எழுதியதையும் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, டயரில் அச்சடித்த நம்பரைச் சரிபார்க்கிற மாதிரி வளைவு வளைவாக ஒப்பிடுவான்.

"இது என்ன?"

"ஏழு."

"அடுத்து?"

"எட்டு."

"போடு. நிக்கவச்சுப் போடு."

பட்டாணி குச்சியை இறுக்கிப் பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். எட்டு நின்றது.

"பார்த்தியாக்கா?" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

"மாடு பள்ளிக்கூடம் போகாதுடா. எத்தனை தடவை சொல்றது உனக்கு? அங்க எழுதச் சொல்ல மாட்டாங்க. பிள்ளைங்களை விளையாட விட்டுட்டு டீச்சர் சும்மா பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"விளையாடுறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? தெரு போதாதா?"

"ஒரு குவளையிலேர்ந்து இன்னொரு குவளைக்குத் தண்ணியைச் சிந்தாம ஊத்துதே, அந்தக் கைதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். ஆட்டத்துல தோத்துட்டு இன்னொரு ஆட்டம் கேக்குதே, அந்தப் பிள்ளைதான் கணக்கு தப்பாப் போனா அழிச்சிட்டுத் திரும்பப் போடும். பதினெட்டு வருஷமாப் பார்க்கிறேன்."

"பதினெட்டு வருஷமா நீ தரைதான் துடைக்கிற."

சுருக்கென்றது பீரங்கிக்கு. நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சீப்பை எடுத்தாள்.

தலைவாரும்போது பட்டாணியின் கண் பட்டறை மூலைக்கே போய்ப் போய் வந்தது. அங்கே கூண்டு நின்றது.

லாரிச் சக்கரத்தின் விளிம்பில் இரும்பு வளையம் ஒன்று உண்டு. லாக் ரிங் என்பார்கள். டயரைக் கழலாமல் பிடித்து வைப்பது அதுதான். காற்று ஏறும்போது அது சரியாக உட்காராமல் தெறித்தால் எதிரே நிற்கிற ஆள் பிழைக்க மாட்டான். அதனால் சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். கட்டைவிரல் கனத்துக்குக் கம்பி, அதற்கொரு கதவு, கதவில் கொக்கி. அவர்கள் அப்பா காலத்தில் செய்தது.

இப்போது அதற்குள் இருந்தவை: ஒரு மர வாத்து, ஒரு சக்கரம் போன கார், ஒரு பந்து, துணிப் பொம்மை, கொஞ்சம் சொப்புச் சாமான். கொக்கியில் பூட்டு. எழுதுகிற நேரத்தில் விளையாடினாள் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் வாரி உள்ளே போட்டுவிட்டான். பரணில் ஏற்றியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தாத்தான் அவளுக்கு வெறி வரும். பள்ளிக்கூடத்துல சேர்ந்த அன்னைக்குத் திறந்துவிடுவேன்" என்றான். அன்றிலிருந்து சக்கரங்களுக்கு வெளியில் வைத்தே காற்று அடிக்கிறான்.

"கூண்டைக் காலி பண்ணுடா. ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது."

"மூணு மாசமா வெளியதான் அடிக்கிறேன். என்ன ஆகிப்போச்சு இப்ப?"

*

பெரிய டீச்சரின் அறையில் மேஜை கிடையாது. தரையில் பாய். ஒரு தொட்டியில் தண்ணீர், நாலைந்து குவளைகள், ஒரு கூடை மரக்கட்டை, ஒரு தட்டு நிறையப் பெரிய பெரிய பொத்தான்கள். நாலு நாலு பிள்ளைகளாக உள்ளே விட்டுவிட்டு அவர் ஓரத்து முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரம் வாயைத் திறக்க மாட்டார். பெற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அது ஒன்றுதான் அவர் வைக்கிற பரீட்சை.

பீரங்கி வாசற்படியில் துடைப்பத்தோடு நின்றாள். துடைத்த இடத்தையே ஏழு தடவை துடைத்தாள்.

இரண்டு பெண் குழந்தைகள் தண்ணீர்த் தொட்டியை நாசம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையன் கட்டைகளை அடுக்கினான். பட்டாணி பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கட்டைகளைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

"எடு கண்ணு, எடு" என்று பீரங்கி மனசுக்குள் மன்றாடினாள்.

சிவப்புச் சட்டை நல்ல பிள்ளை. ஒரு கட்டையை அவள் பக்கம் தள்ளினான். "இந்தா, நீ மேல வை. நான் பிடிச்சுக்கிறேன்."

பட்டாணி பின்னால் நகர்ந்தாள். அவன் எழுந்து வந்து கட்டையை அவள் மடியில் வைத்தான்.

அடுத்தது கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. பட்டாணி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கையைத் திருப்பி உள்ளங்கையை மேலே கொண்டுவந்தாள். இழுத்துக்கொள்ள முடியாதபடி விரல் நுனிகளைச் சேர்த்து இறுக்கினாள். நாலரை வயதுக்கு யாரும் தானாகக் கற்றுக்கொள்கிற பிடி இல்லை அது. மடியில் இருந்த கட்டையை மற்றக் கையில் எடுத்தாள்.

"தொடலாமா? தொடலாமா? ஒண்ணு."

மொத்தென்று விழுந்தது.

"ரெண்டு. மூணு."

அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. வேலை செய்கிறவர்கள் முகம் மாதிரி இருந்தது. பையன் வீறிட்டான். "நாலு. அஞ்சு." அவன் திமிறியதில் ஐந்தாவது அடி விரல் நகத்தில் இறங்கி நகம் பிளந்து கட்டையில் ரத்தம் ஒட்டியது. அதற்குள் பெரிய டீச்சர் பாய்ந்து வந்து இருவருக்கும் நடுவில் விழாத குறையாக உட்கார்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே தம்பியின் குரல் கேட்டது.

"எண்ணிக்கை பார்த்தீங்களா டீச்சர்? ஒண்ணுகூடத் தப்பல. நூறு வரைக்கும் வரும்!"

அங்கே நின்ற பெற்றவர்கள் அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. பீரங்கிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

பையனின் அம்மா தலைவிரி கோலமாக உள்ளே ஓடி வந்தாள். பிள்ளையின் விரலைப் பார்த்தாள். பெற்ற வயிறு பொறுக்குமா? பட்டாணியை அறையக் கையை ஓங்கினாள்.

பட்டாணி மறுபடி கக்கத்தில் இடுக்கியிருந்த தன் வலது கையை எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய, அந்த அம்மாளிடம் தானாகவே நீட்டினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அந்தச் சின்ன உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல் போய்விட்டாள். திட்டியிருந்தால் பீரங்கிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய டீச்சர் தம்பியை உள்ளே கூப்பிட்டார்.

"எழுத்து தெரியுது. எண்ணத் தெரியுது. பக்கத்துல ஒரு பிள்ளை வந்து உக்காந்தா என்ன பண்றதுன்னு தெரியல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்தா மீதியை நாங்க சொல்லித் தருவோம்."

"கத்துக் கொடுத்துடறேன் டீச்சர். ஒரு வாரம் போதும். அடிச்சாவது..."

"வேண்டாம்." அவர் குரல் உயரவில்லை. "பத்து நாள் தர்றேன். சிலேட்டைத் தொடக் கூடாது. பிள்ளையை விளையாட விடுங்க. நீங்களும் கூட உக்காந்து விளையாடுங்க. பத்தாம் நாளும் இதே மாதிரி இருந்தா என்னால எடுத்துக்க முடியாது. மத்த பிள்ளைங்களையும் நான் பார்க்கணும் இல்லையா?" பீரங்கி பக்கம் திரும்பினார். "ஆயாம்மா, உங்க வீட்டுப் பிள்ளைன்னு நான் விட்டுக்கொடுக்க முடியாது."

"வேண்டாம் டீச்சர்" என்றாள் பீரங்கி. அவள் வாழ்க்கையில் இத்தனை மெல்லிய குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

தம்பி குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து வெளிவாசல் வரைக்கும் இழுத்துப் போனான். வாசலைத் தாண்டியதும் இடுப்பில் செருகியிருந்த ரப்பர் பட்டையை உருவினான்.

"மானத்தை வாங்கிட்டியேடி. அத்தனை பேர் முன்னாடி..."

பட்டை இறங்குவதற்குள் பீரங்கியின் கை அவன் கன்னத்தில் இறங்கியது. தெருவே திரும்பிப் பார்க்கிற அறை. அவன் கீழுதடு பல்லில் மாட்டிக் கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது.

பட்டாணி அப்பாவின் உதட்டைப் பார்க்கவில்லை. அத்தையின் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் போய் வாசல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அந்தப் பார்வையைப் பீரங்கி கவனித்தாள். கவனிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். பின்னாலேயே ஓட அவளால் முடியவில்லை. இன்னும் எட்டுப் பிள்ளைகள் வரிசையில் இருந்தார்கள். பாயில் கிடந்த ரத்தத்தை யார் துடைப்பது?

*

மதியம் வேலை முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் பட்டறைக்கு நடந்தாள்.

வாசலில் ஒரு லாரியை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்தான் தம்பி. ஓட்டுநர் எதிர்ப்பக்கம் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். உள்ளே கம்ப்ரசர் தடதடத்துக்கொண்டிருந்தது. புதிதாக டயர் மாட்டிய சக்கரம் ஒன்று தூணில் சாய்ந்து நின்றது. அதன் வாயில் காற்றுக் குழாயைக் கவ்வ விட்டிருந்தான். வழக்கம் போலக் கூண்டுக்கு வெளியேதான். வளையம் இருந்த பக்கம் கூண்டைப் பார்த்து இருந்தது.

பட்டாணி டயர்க்குழியில் இருந்தாள். சிலேட்டில் எண்கள். வலது உள்ளங்கை அதிரசம் போல வீங்கிச் சிவந்திருந்தது. அதனால் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

பீரங்கி அந்தக் கையைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய டயர் லிவரை எடுத்தாள். டயரை நெம்புகிற ஒன்றரை முழ இரும்பு. நேரே கூண்டுக்குப் போய்ப் பூட்டின் மேல் ஓங்கிப் போட்டாள். இரண்டாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது.

"கண்ணு, எழுந்து வா. உள்ள போய் விளையாடு."

பட்டாணி அசையவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"போடி!" பீரங்கி வெடித்தாள். குழந்தை சிலேட்டைப் போட்டுவிட்டு, வீங்கிய கையையும் ஊன்றி ஏறி, ஓடிக் கூண்டுக்குள் புகுந்தது.

"யாரைக் கேட்டுடி பூட்டை உடைச்ச?" தம்பி பாய்ந்து வந்தான். அக்காவை அவன் 'டி' போட்டதே இல்லை.

லிவரின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினான். அவள் விடவில்லை. இழுத்த இழுப்பில் இருவரும் டயர் அடுக்கின் மேல் சரிந்தார்கள். அடுக்கு புரண்டு டயர்கள் நாலு பக்கமும் உருண்டன. அவன் முழங்கையை அவள் தொண்டையில் ஊன்றினான். அவள் நெற்றியால் அவன் மூக்கில் முட்டினாள். மூக்குத் தண்டு நெரிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் பிடி தளர்ந்ததும் லிவரைப் பிடுங்கி அவன் தோளில் ஒன்று போட்டாள். அவன் சுருண்டு விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே அவள் காலை வாரினான். சிமெண்டுத் தரையில் அவள் பின்மண்டை இடித்தது.

"உனக்குத் தெரியாதாக்கா?" ரத்தமும் சளியுமாகக் கத்தினான். "மூணாவது நாளே பள்ளிக்கூடத்துலேர்ந்து துரத்திவிட்டாங்க என்னை! சிலேட்டுக் குச்சியைப் பிடிக்கத் தெரியலன்னு! மண்டுன்னு சொல்லித் துரத்தினாங்க! ஆறு வயசுல சம்மட்டியைக் கையில கொடுத்தாரே அப்பா, நீ பார்த்துக்கிட்டுத்தானே நின்ன? என் பொண்ணுக்கு அது வரக் கூடாதுக்கா! அதுக்குத்தானே இத்தனையும்!"

"அதுக்காக நீ அப்பாவாவே ஆயிட்டியேடா!"

"நீ மட்டும் என்னவாம்? உன் கையைப் பாரு!"

பார்த்தாள். லிவரின் நுனியில் அவன் சட்டைத் துணி கிழிந்து ஒட்டியிருந்தது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்பது அவர்கள் அப்பாவுக்குப் பிடித்த பழமொழி. அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேரையும் வளர்த்தார். தம்பி டியூப் பட்டையை எடுத்துக்கொண்டான், அவள் வெறும் கையை எடுத்துக்கொண்டாள். சொத்தைப் பாகம் பிரித்த மாதிரிதான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்னக் குரல் கேட்டது.

"வாத்து, நீ முதல்ல வா. பந்து, நீ பொறு. தள்ளக் கூடாது. உன் முறை வரும்."

கூண்டின் பின்மூலையில் பட்டாணி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொப்புக் கிண்ணத்தில் இல்லாத தண்ணீரை அள்ளி வாத்தின் வாயில் ஊற்றினாள். அப்புறம் பந்துக்கு. பொம்மைக்கு ஊற்றப் போனவள் ஏதோ நினைத்துக்கொண்டு, காருக்கு முதலில் ஊற்றினாள். "அழாத. உனக்கும் இருக்கு" என்று பொம்மையைத் தட்டிக்கொடுத்தாள்.

காலையில் பெரிய டீச்சர் அரை மணி நேரம் காத்திருந்தது இதற்குத்தான். பீரங்கி தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய். கேளுடா. உன் பொண்ணு பேசுறதைக் கேளு."

தம்பி தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பினான். கேட்டான். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு? அவன் முகத்தில் இறுகியிருந்த ஏதோ ஒன்று இளகுவதைப் பீரங்கி பார்த்தாள். இன்னும் அரை நிமிஷம் கிடைத்திருந்தால் அழுதிருப்பான்.

திரும்பிய அவன் கண்ணில் கம்ப்ரசரின் காற்றழுத்த முள் பட்டது. சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது முள். சண்டையில் சக்கரத்தை இருவருமே மறந்துபோயிருந்தார்கள்.

"காத்து!"

எழுந்தான், பாய்ந்தான். ஓடித் தப்புவதற்கு வாசல் இந்தப் பக்கம் இருந்தது. அவன் அந்தப் பக்கம் போனான். குழாயைப் பிடுங்க வலது கையை நீட்டினான்.

வெடித்தது.

பீரங்கிக்குச் சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி பின்னால் போய் விழுந்தாள். கூரைத் தகரம் மேலே எழும்பி இறங்கியது. வருஷக்கணக்கான தூசி பட்டறை முழுக்க இறங்கி எதுவும் தெரியவில்லை. காதுக்குள் கொய் என்று ஒரே ஓசை.

தூசி அடங்க அடங்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தம்பி தூணடியில் மல்லாந்து கிடந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே எதிர்ப்பக்கமாக மடங்கி, தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றது. அவன் கையை முறித்த வளையம் அதோடு நிற்காமல் கூண்டில் போய் அடித்திருந்தது. இரண்டு கம்பிகள் ஒரு சாண் உள்ளே வளைந்திருந்தன. அதில் பட்டுத் திரும்பி, டயர்க்குழிக்குள் போய் விழுந்திருந்தது. குழியில் கிடந்த சிலேட்டு தூள் தூளாகியிருந்தது.

பட்டாணி இத்தனை நாளும் உட்கார்ந்திருந்த இடம். ஐந்து நிமிஷத்துக்கு முன்பு வரை உட்கார்ந்திருந்த இடம்.

"பட்டாணி!"

கூண்டின் மூலையில் மர வாத்தைக் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தாள். தலையெல்லாம் தூசி. கண் இரண்டும் திறந்திருந்தன. ஒரு கீறல் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஓட்டுநர் ஓடி வந்தார். முதலில் டயர்க்குழியைத்தான் எட்டிப் பார்த்தார். நொறுங்கிய சிலேட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, பாப்பா இதுக்குள்ளதானேம்மா இருந்துச்சு!"

"இல்ல. கூண்டுக்குள்ள விளையாடிக்கிட்டு இருந்தா" என்றாள் பீரங்கி.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு தாயி." அவர் எழுந்து வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். அவருடைய லாரிதான் சக்கரம் இல்லாமல் நிற்கிறதே.

ரத்தம் நிற்கவில்லை. எதைக் கொண்டு கட்டுவது என்று சுற்றிப் பார்த்தாள். தம்பியின் இடுப்பில் ரப்பர் பட்டை இருந்தது. உருவி, முழங்கைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து இறுக்கினாள். அவன் அலறினான். அலறுகிற வரைக்கும் உயிருக்குப் பயமில்லை என்று இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தாள். திரையில் அவன் பெண்டாட்டி பேர். ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளை. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்கக் கூப்பிடுகிறாள். ரத்த விரலோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பீரங்கி. என்னவென்று ஆரம்பிப்பது? மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஓட்டுநர் ஒரு வேனை மடக்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அவரும் வேன்காரருமாகத் தம்பியை அள்ளித் தூக்கினார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றான் தம்பி. உதடெல்லாம் வெளுத்திருந்தது. தலையைக் கூண்டுப் பக்கம் திருப்பினான். "பட்டாணி... வெளிய வாடா கண்ணு. ஒண்ணும் இல்ல. வா."

"மாட்டேன்."

"ஏன்டா?"

"அடிப்பீங்க."

"இனிமே அடிக்க மாட்டேன்டா. அப்பாவால முடியாது. பாரு, கை போச்சு."

பட்டாணி வளைந்த கம்பிகளுக்கு நடுவே எட்டி அந்தக் கையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு அவனுடைய இடது கையைக் காட்டினாள்.

"அந்தக் கை இருக்கு."

தம்பி அந்தக் கையை உடம்புக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தான்.

குழந்தையின் கண் மெதுவாக நகர்ந்து பீரங்கியிடம் வந்தது.

"அத்தைக்கு ரெண்டு இருக்கு." வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மொத்தம் மூணு."

எண்ணிக்கையில் தப்பில்லை.

பட்டாணி கூண்டுக் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டாள். வேன்காரர் அவசரப்பட்டார். போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது. டீச்சர் கொடுத்த பத்து நாளில் முதல் நாள் இன்னும் முடியவில்லை. பீரங்கி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். தன் இரண்டு கையையும் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.